கடைசியாக இறங்குபவர்

இந்தியக் கடற்படையின் சின்னத்தில் வருணனின் அருளை வேண்டும் உபநிடத வாசகம் இருக்கிறது. அதைப் பரிந்துரைத்தவர் ராஜாஜி. கடமை, மானம், துணிவு ஆகிய மூன்றும் தன் விழுமியங்கள் என்கிறது கடற்படை. போர், ராஜதந்திரம், கடற்காவல், ஆபத்தில் உதவி என நான்கு வகைப் பணிகளை அதன் கோட்பாட்டு நூல் வகுக்கிறது. இப்படி எழுதி வைப்பதில் எந்த நாட்டுக் கடற்படையும் குறை வைப்பதில்லை. அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று தெரிய வேண்டுமானால், ஒரு கப்பல் மூழ்கிய சில நிமிடங்களைப் பார்க்க வேண்டும்.

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் அரபிக் கடலில் ஐ.என்.எஸ். குக்ரி, பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தது. தேடப்பட்டதே முந்திக்கொண்டது. டார்பிடோ தாக்கிய சில நிமிடங்களில் குக்ரி மூழ்கியது. அந்த மாதிரிச் சிறிய போர்க்கப்பலில் கீழ்த்தளத்திலிருந்து மேலே வரும் வழி மிகக் குறுகலானது. செங்குத்தான இரும்பு ஏணி, மின்சாரம் போனால் கும்மிருட்டு. எஞ்சின் அறையில் நிற்பவர் அதில் தட்டுத்தடுமாறி ஏறி வர வேண்டும். மேல்தளத்தில் நிற்கும் கேப்டனுக்கோ கடல் கைக்கெட்டும் தூரம்தான். கேப்டன் மகேந்திரநாத் முல்லா குதிக்கவில்லை. முடிந்தவரை ஆட்களைக் கடலில் இறங்கச் செய்தார். தன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு மாலுமியிடம் கொடுத்தார். கப்பலோடு போனார். அவர் உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள்; 67 பேர் பிழைத்தார்கள்.

வீரமரணம் என்று கும்பிட்டுவிட்டு நகர்வது எளிது. ஆனால் கேப்டன் செத்தாக வேண்டும் என்பது கடமையில் சேராது; அப்படியொரு எதிர்பார்ப்பை நான் ஏற்கவும் மாட்டேன். என் மனம் நிற்பது அவருடைய சாவில் அல்ல, அந்த வரிசையில். கரையில் பெரிய பதவி என்றால் முன்வரிசை நாற்காலி, முதலில் நகரும் கார். கப்பலில் பதவி உயர உயர, இறங்கும் வரிசையில் ஆள் பின்னால் போகிறார். 2014-இல் தென் கொரியாவின் சேவோல் பயணிகள் கப்பல் கவிழ்ந்தபோது, முதலில் மீட்கப்பட்டவர்களில் கேப்டனும் இருந்தார். இருந்த இடத்திலேயே இருங்கள் என்ற அறிவிப்பைக் கேட்டு உள்ளே காத்திருந்த பள்ளிப் பிள்ளைகள் உட்பட 304 பேர் உயிரிழந்தார்கள். கப்பலேறியே அறியாதவர்களும் அன்று கொதித்தார்கள். வரிசை தலைகீழானதைப் புரிந்துகொள்ள யாருக்கும் கடற்படைப் பயிற்சி தேவைப்படவில்லை.

இந்த வரிசை ஆபத்து வந்தபின் உண்டாவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் உண்டாகிறது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் கடற்படைப் பயிற்சி நிலையத்தின் மாலுமிகள், வாயில் வைக்க முடியாத உணவை மறுத்தார்கள். வெள்ளை அதிகாரிகளின் வசவும் நிறவெறியும் அதற்கு முன்பே நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தன. சில நாட்களில் 78 கப்பல்களுக்குக் கிளர்ச்சி பரவியது. வரலாறு அதைக் கலகம் என்று பதிந்தது. கீழே இருப்பவரின் தட்டை எட்டிப் பார்க்காதவருக்குக் கட்டளையிடும் உரிமை எங்கிருந்து வரும் என்ற கேள்வியாகத்தான் நான் அதைப் படிக்கிறேன். தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்பவரின் சொல்லுக்கே மற்றவர்கள் உயிரைக் கொடுத்துக் கீழ்ப்படிகிறார்கள்.

தனி மனிதருக்குப் பதவி எப்படியோ, ஒரு நாட்டுக்குக் கப்பற்படை அப்படி. வலிமை இருப்பவர் அதை யாருக்காகச் செலவிடுகிறார் என்பதில்தான் மானம் இருக்கிறது. 2015 மார்ச் இறுதியில் ஏமனில் போர் மூண்டபோது, கடற்கொள்ளைக்கு எதிரான ரோந்தில் இருந்த ஐ.என்.எஸ். சுமித்ரா ஏடன் துறைமுகத்துக்குள் போய் 349 பேரை ஏற்றிக்கொண்டது. கப்பல்களும் விமானங்களுமாக இந்தியா மீட்டவர்களில் பிற நாட்டவர் மட்டும் 900-க்கு மேல். பாகிஸ்தானியரும் அவர்களில் உண்டு.

அதே நாட்களில் முகல்லா நகரில் 11 இந்தியர்கள் சிக்கியிருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டது பாகிஸ்தான் கடற்படையின் அஸ்லத். குக்ரியை மூழ்கடித்த அதே கடற்படையின் கப்பல். ஏப்ரல் 7 அன்று அவர்கள் கராச்சியில் இறங்கினார்கள். 1971 டிசம்பர் 4 இரவில் இந்திய ஏவுகணைப் படகுகள் தாக்கிய துறைமுகம் அது. அந்தத் தாக்குதலின் நினைவாகத்தான் ஆண்டுதோறும் கடற்படை நாள் கொண்டாடுகிறோம். அங்கிருந்து பாகிஸ்தான் விமானமே அவர்களை டெல்லியில் கொண்டுவந்து சேர்த்தது.