காணாததை அளக்கும் அளவை

நெல்லையும் நிலத்தையும் அளக்கும் கருவிக்கும், மெய்ப்பொருளை அறியும் கருவிக்கும் தமிழில் 'அளவை' என்ற ஒரே பெயர் வழங்குகின்றது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பதியாகிய இறைவனையும் பசுவாகிய உயிரையும் பற்றிப் பேசப் புகுமுன் அளவை இலக்கணத்தையே எடுத்துக்கொள்கின்றது; காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள், கண்ணுக்கு எட்டியதைக் கொண்டு எட்டாததைத் துணியும் கருதல் எம்மட்டும் நம்பத்தக்கது என்பது, காட்சி ஒன்றே அளவை என்ற உலகாயதர் காலந்தொட்டு நம்மைத் தொடரும் வினா.

மலையில் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிபவன், அவ்விரண்டையும் முன்னரே அடுக்களையில் ஒருங்கே கண்டிருத்தல் வேண்டும். அந்த உடனிகழ்ச்சியே வியாப்தி. பொருளின் ஈர்ப்பு ஒளியை வளைக்கும் என்ற ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சூரியனே அடுக்களையாயிற்று. 1919 மே 29 அன்று நேர்ந்த பூரண கிரகணத்தில், எடை தெரிந்த அந்தச் சூரியனின் விளிம்பை ஒட்டி வந்த நட்சத்திர ஒளி, ஒரு பாகையில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கு வளைந்ததை வானியலாளர் எடிங்டனும் அவருடைய சகாக்களும் படம் பிடித்தனர். பொருளும் வளைவும் ஒருங்கே காணப்பட்டன.

இனி மலைக்கு வருவோம். நட்சத்திர மண்டலக் கொத்துகளில் கண்ணுக்குத் தெரியாத பொருள் மிகுந்திருத்தல் வேண்டும் என்று 1933-இல் கூறிய வானியலாளர் ஸ்விக்கி, அவற்றின் எடையை ஒளியின் வளைவாலேயே அளக்கலாம் என்று 1937-இல் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, ஏபெல் 370 என்னும் கொத்தில் நீண்டதோர் ஒளிவில் புலப்பட்டது. அது கொத்துக்கு வெகு அப்பாலுள்ள வேறொரு மண்டலத்தின் திரிந்த உருவமே என்பதை 1988-இல் வெளியான நிறமாலை ஆய்வு உறுதிசெய்தது. இத்தகைய வில் கொத்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதும், கொத்து, அப்பாலுள்ள மண்டலம் ஆகிய இரண்டின் தொலைவுகளும் தெரிந்துவிட்டால், வில்லுக்கு உட்பட்ட எடை கணக்கில் வந்துவிடும். வில் தோன்றாத புறப்பகுதிகளிலோ, பின்னணி மண்டலங்கள் சிறிதளவே சாய்கின்றன; தனியொன்று பிறவியிலேயே நீண்டதா, வளைவினால் நீண்டதா என்று எவராலும் சொல்ல இயலாது. ஆயிரக்கணக்கானவற்றைத் திரட்டிச் சராசரி காணும்போதோ, பிறவிக் கோணல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எல்லாவற்றுக்கும் பொதுவான சாய்வு மட்டும் எஞ்சி, இடையே கிடக்கும் எடையை உரைக்கின்றது.

அவ்வெடையில், நட்சத்திரங்களும் கொதிக்கும் வாயுவும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. மோதிக் கடந்த இரு கொத்துகளின் சேர்க்கையான 'புல்லட்' கொத்தில், வாயு நடுவே தடைப்பட்டுப் பின்தங்க, ஒளியை வளைக்கும் எடையோ பெரும்பாலும் அப்பால் விலகி நிற்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

கண்ணுக்குத் தெரியாத பொருள் இவ்வாறு துணியப்பட்டதைக் கண்டதும் பரம்பொருளுக்குச் சான்று கிடைத்ததென மகிழ்வாரும் உளர். அது கருதல் என்னும் அனுமானத்துக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகின்றேன். சூரியனிடத்தில் நாம் கண்ட வியாப்தி எடைக்கும் வளைவுக்கும் உரியது. ஆகவே அது தரும் முடிவும் எடையே. அந்த எடையிலும் ஓர் எல்லையுண்டு: எங்கும் சமமாகப் பரந்த படலமொன்று குறுக்கே கிடப்பின், வடிவங்களின் சாய்வு மட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது. தன் எல்லையைத் தானே அறிந்து கூறும் இந்த நேர்மையினாலேயே கருதல் அளவையாகின்றது. உண்டு என்பது வேறு. இன்னது என்பது வேறு. குடத்தைக் கண்டு குயவனைத் துணியும் சமயவாதிக்கும் வானத்தை அளப்பவருக்கும் இவ்வரம்பு பொது. மலைமேல் நெருப்பு உண்டெனப் புகை சொல்லும். எரிவது எந்த விறகென்பதை, மலையேறிச் சென்றுதான் அறிதல் வேண்டும்.