விற்பவர் எவ்வளவு சொல்ல வேண்டும்?

ஆரணியில் பட்டுச் சேலை வாங்க வருகிறவர்களுள் விவரம் அறிந்தோர், சேலையின் முகப்பைக் கண்டு மயங்கிவிடுவதில்லை. முந்தானையைப் புரட்டி அதன் மறுபுறத்தைப் பார்ப்பார்கள். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவோரும் உண்டு. மயிர் கருகும் வாடை வந்தால் அது பட்டு. காகிதம் எரியும் வாடை வந்தால் செயற்கை இழை. சரிகையை உரைத்துப் பார்த்தால் வெள்ளிக்குப் பதில் செம்பு தலைகாட்டுவதும் உண்டு. ஆயினும் கடைக்கு வருவோரில் இவ்வளவும் தெரிந்தவர் எத்தனை பேர்? வாங்குவோரின் கண் மட்டும் போதாது என்பதனால்தான் மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004ஆம் ஆண்டில் ‘சில்க் மார்க்’ முத்திரை வந்தது. பொருளின் உண்மை பொருளுக்குள்ளே இருக்கிறது. அதனை அறிந்தவர் விற்பவர், அறியாதவர் வாங்குபவர். வாணிப ஒழுக்கம் பற்றிய கேள்விகளிற் பெரும்பாலானவை இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறக்கின்றன.

பட்டைப் பற்றி ஆரணியாருக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. இங்கு நாம் எடுத்துக்கொள்வது வேறொரு பொருள்: பழுது நீக்கப்பெற்ற பழைய ஸ்டீரியோ ரிசீவர். வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் அமைந்த அந்த இயந்திரத்தை 1970களிலும் 1980களிலும் சவூதி, குவைத், துபாய், சிங்கப்பூர் என்று சபுர் சென்ற நம்மவர்கள் ஊர் திரும்பும்போது சுமந்து வந்தார்கள். சான்சுயி, பயனியர், அக்காய், கென்வுட், மராண்ட்ஸ் என்ற பெயர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். கூடத்து அலமாரியில், பின்னல் துணி போர்த்திய அந்தப் பெட்டி, பல ஆண்டுப் பிரிவுக்குக் கிடைத்த கூலியின் கண்ணுக்குத் தெரிந்த வடிவமாக வீற்றிருந்தது. பிறகு குறுந்தகடு வந்தது, கைப்பேசி வந்தது, பெட்டி பரணுக்குப் போயிற்று. இப்பொழுது காலம் ஒரு சுற்றுச் சுற்றி, அதே பெட்டியைத் தேடி நகரங்களிலிருந்து ஆள் வருகிறது. துடைத்துச் சீர்செய்த ஒன்று, பரணிலிருந்து இறங்கியபோது பெற்ற விலையைப் போலப் பன்மடங்குக்குக் கைமாறுகிறது.

சீர்செய்தல் என்றால் என்ன? இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் நமது கேள்வி அதற்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. பெட்டியைத் திறந்தால் சிறு குழல்களைப் போல நிற்கின்ற கண்டென்சர்கள் பல. அவற்றுள் ஒரு வகையில் திரவம் ஊறிய காகிதம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அத்திரவம் உலர்ந்துபோகும். ஒலியில் இரைச்சல் கலக்கும். வால்யூம் திருகின் தடத்தில் தூசி படிந்து கரகரப்பு எழும். ஸ்பீக்கரை இணைக்கும் ரிலேயின் முனைகள் கறுத்து ஒரு பக்கத்து ஒலி வந்து வந்து மறையும். ஒலிக்கு ஆற்றல் தரும் பெரிய டிரான்சிஸ்டர்கள் எரிந்திருந்தால் தொல்லை இன்னும் பெரிது. அந்த எண்ணுள்ள ஜப்பானிய உருப்படிகளின் உற்பத்தி பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. சந்தையில் அதே எண்ணை அச்சிட்டுக்கொண்டு போலிகள் உலவுகின்றன. நல்ல மெக்கானிக் ஒருவர் இவை யாவற்றையும் பொறுமையாக மாற்றுவார். வேறொருவர் முகப்பைப் பளபளப்பாக்கி, டயல் விளக்கை மாற்றி, மரக்கூட்டுக்கு வார்னிஷ் பூசி நிறுத்திக்கொள்வார். மேசைமேல் வைத்துப் பத்து நிமிடம் பாடவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே பாடும். சூடேறிய பிறகு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் இரண்டாவதின் குணம் தெரியவரும். அதற்குள் வாங்கியவர் பேருந்தில் ஏறியிருப்பார்.

விற்பவர் பொய் சொல்லக் கூடாது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ‘நன்றாகப் பாடுகிறதா?’ என்று கேட்டால் ‘பாடுகிறது’ என்பது பொய்யன்று. கேளாததைச் சொல்லாமல் விடுவது குற்றமா என்பதே வினா.

இது பழைய வினா. உரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதனைக் குறித்து இரு தத்துவ ஆசிரியர்கள் கொண்ட மாறுபாட்டை எடுத்துரைக்கிறார். அலெக்ஸாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகர் பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு வருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும், தீவினருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு விற்பதா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்பதா? பாபிலோனின் டயோஜெனிஸ் என்பார், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், மற்றதில் மௌனம் வஞ்சகம் ஆகாது என்றார். அவருடைய மாணவராகிய அந்திபாட்டர், விற்பவர் அறிந்த யாவற்றையும் வாங்குபவரும் அறிந்திருத்தல் வேண்டும் என்றார். சிசரோ மாணவர் பக்கமே சாய்ந்தார். நாமும் அப்பக்கமே சாய்கிறோம்; ஆயினும் ‘யாவற்றையும்’ என்ற சொல்லில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. ஐம்பது ஆண்டுப் பெட்டி ஒன்றைப் பற்றி யாவற்றையும் சொல்வதென்றால் ஒரு நாள் போதாது. கேட்பவருக்கும் தலை சுற்றும்.

நம் மார்க்க அறிஞர்கள் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் நுட்பமானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. மழையில் நனைந்தது வணிகரின் குற்றமன்று. அடியில் இருக்கவிட்டதே குற்றம். இதனைக் கொண்டு ஹனஃபி சட்ட அறிஞர்கள் குறை எது என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள்: வணிகர்களின் வழக்கத்தில் எது பொருளின் விலையைக் குறைக்குமோ அதுவே குறை. எனவே, விற்பவர் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. தெரிந்தால் இவர் இந்த விலை கொடுக்கமாட்டார் என்று தம் நெஞ்சு அறிந்ததை ஒளிக்கக் கூடாது.

‘இவர்’ என்ற சொல்லையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி இது. ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹமுக்கு விற்றுவிட்டார். அருகில் நின்ற நபித்தோழர் வாதிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) அவர்கள், வாங்கியவர் சென்ற பிறகே அதனைக் கவனித்தார்கள். பின்னால் ஓடிச் சென்று, இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காக வாங்கினீரா என்று வினவினார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்றார்கள். விலையில் நூறு திர்ஹம் குறைந்தது; விற்றவருக்குச் சினமும் வந்தது. நாம் வியப்பது அவர்கள் ஓடியதைக் காட்டிலும் முதலில் கேட்ட அந்தக் கேள்வியை. இறைச்சிக்கு வாங்கியவருக்குக் குளம்புத் துளை ஒரு குறையே அன்று.

ரிசீவருக்கும் இதே கேள்வி பொருந்தும். பாட்டுக் கேட்க வாங்குகிறவருக்குப் புதிய கண்டென்சர் ஒரு சிறப்பு. சேகரித்து வைக்க வாங்குகிறவருக்கோ மூல உருப்படி போனது பெருங்குறை. முன்னவரிடம் பெருமையாகச் சொல்லும் செய்தியைப் பின்னவரிடம் மறைக்கத் தோன்றும். அங்கேதான் விற்பவரின் நிய்யத் வெளிப்படுகிறது. இன்னொன்று: ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பெட்டிகள் 100 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவன, அவற்றின் எஃப்.எம். டயல் 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஓடும். நம் நாட்டு நிலையங்கள் 88க்கும் 108க்கும் இடையில் உள்ளன. இசைத்தட்டுக்காக வாங்குகிறவர் இதைப் பொருட்படுத்தமாட்டார். வானொலிக்காக ஏங்கி வாங்கும் முதியவருக்கு அந்த டயல் வெறும் அலங்காரம். மின்சார விவரத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் விடலாகாது. நம் வீட்டுச் சுவரின் 230 வோல்ட்டில் நேரே செருகினால் பெட்டி கருகும்.

‘இருக்கிறபடியே விற்கிறேன், பின்னால் எதற்கும் நான் பொறுப்பல்லன்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கடமை தீர்ந்துவிடாதா? நம் பகுதியில் மிகுதியாகப் பின்பற்றப்படும் ஹனஃபி மத்ஹபில் அத்தகைய நிபந்தனை செல்லும். குறைகளைத் தனித்தனியே பெயர் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் பரவிய ஷாஃபி மத்ஹபோ மிக இறுக்கமானது: உயிருள்ள பிராணியிடத்தில், விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை விலக்களிக்கும் என்பது அங்கு வலுவான கருத்து. 1930ஆம் ஆண்டின் இந்தியப் பொருள் விற்பனைச் சட்டமும், வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அச்சோதனையில் தெரியக்கூடிய குறைக்கு வாணிபம் செய்பவரையும் பொறுப்பாளியாக்குவதில்லை. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் எந்தச் சோதனையில் தெரியும்? அறியாததற்கு விலக்குக் கேட்பது நியாயம். அறிந்ததை ‘இருக்கிறபடியே’ என்ற போர்வைக்குள் சுருட்டி வைப்பவர், வழக்கில் வெல்லலாம். நனைந்த தானியத்தை அடியில் வைத்த வணிகருக்கும் அவருக்கும் வேற்றுமை காண நம்மால் இயலவில்லை.

உண்மை பேசுபவருக்கு இழப்பு வரும் என்பதை மறைத்துப் பேசுவது இந்த வகைக் கட்டுரைகளின் வழக்கமாகிவிட்டது. இழப்பு வரும். பக்கத்து விற்பனையாளர் ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று கூவும்போது, ‘இரண்டு டிரான்சிஸ்டர் மாற்றினேன்’ என்பவரின் பெட்டி கடைசியில்தான் விலைபோகும். அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் செய்தவர்கள் ஒருவரையொருவர் முந்தி வாட் கணக்கை ஊதிப் பெருக்கியபோது, உண்மைக் கணக்கு எழுதியவர் பொருள் வலுவற்றதாகத் தோன்றியது. 1974இல் அந்நாட்டு வாணிப ஆணையம் அளவிடும் முறையை விதியாக்கிய பிறகே அவ்வாரவாரம் அடங்கிற்று. நம் நாட்டிலோ உள்ளங்கையளவு ஸ்பீக்கர் கொண்ட டேப்ரிக்கார்டரில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்டு விற்ற காலத்தை நாம் கண்டிருக்கிறோம். எனவே, தனி மனிதரின் நேர்மைக்குத் துணையாகச் சந்தைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். சில்க் மார்க்கைப் போன்ற ஒன்று பழைய பெட்டிகளுக்கு இல்லை. அதுவரை விற்பவரின் வாய்ச்சொல்லே முத்திரை.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகர். அவர்கள் விற்ற ‘கஸ்’ என்பது ஆண்களுக்கு விலக்கப்பட்ட தூய பட்டன்று, பட்டும் கம்பளியும் கலந்து நெய்த துணி என்பர். நெசவூரார்க்கு இது சுவையான செய்தி. ஒருமுறை குறையுள்ள துணி ஒன்றைத் தம் கூட்டாளியிடம் அனுப்பி, குறையைச் சொல்லி விற்குமாறு பணித்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. வந்த பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள். குறையின் மதிப்பை மட்டும் கழித்துக் கொடுத்திருக்கலாமே என்று கணக்கறிந்தவர் கேட்பர். வாங்கியவரின் சம்மதமே உண்மையின்மீது நின்றிருக்கவில்லை; நிற்காத சம்மதத்திலிருந்து வந்த பணத்தில் எந்தப் பகுதி தமது என்று எவ்வாறு பிரிப்பது?

இதுவரை விற்பவரைப் பற்றியே பேசினோம். இதனினும் கடினமான வழக்கு ஒன்று உண்டு. ஆரணியிலோ ஆம்பூரிலோ கணவரை இழந்த ஒரு பெண்மணி, அவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியைப் பழைய சாமானோடு சேர்த்துப் போடுகிறார். வாங்க வந்தவருக்கு அதன் மதிப்புத் தெரியும். இங்கே அறிந்தவர் வாங்குபவர், அறியாதவர் விற்பவர். 1817இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போர் முடிந்த செய்தியை முன்கூட்டியே அறிந்து நியூ ஆர்லியன்ஸில் புகையிலை வாங்கிய வணிகர் அதனை விற்பவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்று கருதியது. ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களோ 300க்குப் பேசிய குதிரையைப் பார்த்துவிட்டு, உம் குதிரை இதனினும் மேலானது என்று தாமே விலையை ஏற்றிக்கொண்டு போய் 800க்கு வாங்கினார்கள் என்று அறிகிறோம்.

எல்லாரும் ஜரீர் (ரலி) அவர்களாக முடியாது என்பது உண்மை. பழுதடைந்த பெட்டியின் விலையும் பழுது நீங்கிய பெட்டியின் விலையும் ஒன்றாக இருக்கவும் வேண்டியதில்லை. இடையில் மெக்கானிக்கின் பல நாள் உழைப்பும், கிடைக்காத உருப்படியைத் தேடி ரிச்சி தெருவில் அலைந்த அலைச்சலும், சீர்செய்ய முடியாமலே போகக்கூடிய ஆபத்தும் இருக்கின்றன. அவற்றுக்குரிய ஊதியம் ஹலாலானதே. ஆனால் அந்தப் பெண்மணி ‘இது என்னத்துக்கு ஆகும் தம்பி?’ என்று கேட்கும்போது, ‘எடைக்குத்தான் ஆகும் அம்மா’ என்று சொன்னால், அந்தச் சொல் உழைப்பன்று, அறிவன்று. அங்கே வாங்கப்படுவது அவருடைய அறியாமை.

நடைமுறையில் செய்யத்தக்கவை சில உண்டு. பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து ஆட்டை விற்கும் சூழ்ச்சிக்கு எதிராக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாங்கியவருக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்கள். இந்த விதியில் ஹனஃபி அறிஞர்கள் வேறு கருத்துக் கொண்டாலும், மூன்று நாள் என்ற அளவு ஓர் ஒலிப்பெட்டியின் உட்குணம் தெரியவும் போதுமானது. மாலைதோறும் இரண்டு மணி நேரம் பாடவிட்டால் மறைந்திருந்த பழுது தானே வாய் திறக்கும். மாற்றியவை எவை, மாற்றாமல் விட்டவை எவை, எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். கழற்றியெடுத்த பழைய கண்டென்சர்களையும் எரிந்த டிரான்சிஸ்டர்களையும் ஒரு சிறு பையிலிட்டு, பெட்டியோடு சேர்த்து வாங்கியவர் கையிலேயே ஒப்படைக்கும் மெக்கானிக்குகள் உண்டு. அந்தப் பையால் வாங்கியவருக்குப் பயன் ஏதுமில்லை. பெரும்பாலும் அது வீட்டில் ஒரு மூலையிலேயே கிடக்கும்.