நடந்து பார்த்தவரின் காகிதங்கள்

1

புதுக்கோட்டையில் வழி தவறுவது கடினம். நடுவில் நான்கு ராஜவீதிகள். அவற்றை ஒட்டித் திசைக்குத் திசை இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி. தொண்டைமான் மன்னர் காலத்தில், பிளாக்பர்ன் துரையின் யோசனையில் திருத்திக் கட்டிய ஊர். 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தை நடத்திய சேஷையா சாஸ்திரி, பல்லவன்குளத்தையும் புதுக்குளத்தையும் துப்புரவு செய்து சீராக்கினார். கோடு போட்டவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தக் கோட்டுக்குள் வாழ்ந்தவர்கள் ஊரை எப்படிப் பார்த்தார்கள் என்பது எந்தக் காகிதத்தில் இருக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் நகரத் திட்டமிடலாளர் பாட்ரிக் கெடிஸை வாசிக்கிறேன்.

2

கெடிஸ் 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். படித்தது உயிரியல். 1879-ல் மெக்சிகோவுக்கு ஆய்வுக்குப் போன இடத்தில் பார்வை போயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் வாரக்கணக்கில் கிடந்தார். அப்போது ஜன்னல் கட்டங்களை விரலால் தடவித் தடவி, கட்டத்துக்கு ஒரு கருத்தாக மனத்துக்குள் நிரப்பினார். பார்வை திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வெற்றுத் தாளை எடுத்து மடிப்பார். பிரித்தால் கட்டங்கள் விழுந்திருக்கும். இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் மூலைக்கு மூலையாக எழுதுவார். மிச்சக் கட்டங்களில், இடம் தொழிலை என்ன செய்கிறது, தொழில் மக்களை என்ன செய்கிறது என்று நிரப்பிக்கொண்டே போவார்.

அவருடைய கடிதங்களும் வரைபடங்களும் கட்டம் போட்ட குறிப்புகளும் கிளாஸ்கோவில் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்திலும் எடின்பரோவிலும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

3

1886-ல் அன்னாவை மணந்துகொண்டார். இருவரும் எடின்பரோவின் பழைய நகரில், இடிபாடும் நெரிசலுமான ஒரு குடியிருப்பிலேயே போய்க் குடியேறினார்கள். அண்டை வீட்டாரோடு சேர்ந்து கூட்டினார்கள், வெள்ளையடித்தார்கள், செடி வைத்தார்கள். ஊரைப் பற்றிப் பேசும் உரிமை அந்த ஊரில் குடியிருப்பதிலிருந்து வருகிறது என்று நம்பியவருக்கு வேறு வழி இல்லை.

4

1914-ல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பில் இந்தியா வந்தார். பல ஆண்டுகளாகச் சேர்த்த நகரக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும் வேறு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே எம்டன். தாயகத்திலிருந்த நண்பர்கள் மறுபடியும் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

பிறகு மாகாணத்து ஊர்களை நடந்தே பார்த்தார். மதுரை, தஞ்சாவூர், கோவை என்று ஊருக்கு ஊர் அறிக்கை எழுதினார். சந்துகளை இடித்து நேர்ச்சாலை போடுவதுதான் சுகாதாரம் என்று அதிகாரிகள் நம்பிய காலம் அது. கெடிஸ் வீடு வீடாகப் பார்த்தார். குடியிருக்க முடியாத ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்தால் போதும், காற்று வரும், அந்த இடத்தில் ஒரு மரம் வைக்கலாம், யாரையும் துரத்த வேண்டியதில்லை என்றார். மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை. ஊருக்கும் அதுதான் முறை என்று அவர் வாழ்நாள் முழுதும் வாதாடினார்.

5

குளங்களைப் பற்றி அவர் எழுதியவை என்னை அதிகம் நிறுத்துகின்றன. மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்கச் சொன்னார்கள். அவர் தடுத்தார். குளம் வெக்கையைத் தணிக்கும், மழை வெள்ளத்தைத் தாங்கும், கொசுப்புழுவுக்கு மீனும் வாத்தும் போதும் என்றார். இன்றும் கொசுப்புழுவைத் தின்னக் கம்பூசியா மீனை நீர்நிலைகளில் விடுகிறார்கள்.

பல்லவன்குளத்தை அவருடைய கட்டங்களில் எழுதிப் பார்க்கிறேன். இடம்: சாந்தநாதர் கோயிலை ஒட்டிய நீர். தொழில்: சுற்றியுள்ள கடைத்தெரு. மக்கள்: கோயிலுக்கு வருகிறவர்கள், கடைக்காரர்கள், மாலையில் சும்மா உட்கார வருகிறவர்கள். குளத்தைத் தொட்டால் மூன்று கட்டமும் அசைகிறது. ஒரு திட்ட வரைபடத்தில் அதே குளம் வெறும் நீலக் கட்டம்.

6

1917-ல் அவருடைய மூத்த மகன் பிரான்சில் போர்முனையில் இறந்தான். கல்கத்தாவில் நோயுற்றுக் கிடந்த அன்னாவிடம் அதை அவர் சொல்லவில்லை. மகன் போனது தெரியாமலே அன்னாவும் அந்த ஆண்டே இறந்தார். கெடிஸ் மறுபடியும் ஊர் ஊராக நடக்கப் போனார். அந்த அறிக்கைகளில் துக்கம் எழுதப்படவில்லை. குழந்தைகள் விளையாட நிழலும் பெண்கள் உட்காரத் திண்ணையும் வேண்டுமென்ற அக்கறை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

7

அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை நடக்கவில்லை. 1932-ல் இறந்தார். 1947-ல் ஜாக்குலின் டிர்விட் அந்த இந்திய அறிக்கைகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு நூலாக்கினார். யாரோ பத்திரப்படுத்தியதால்தான் அது முடிந்தது. தோற்றுப்போன யோசனைக்குத்தான் காப்பகம் அதிகம் தேவை என்று தோன்றுகிறது. ஜெயித்தது கட்டடமாக நின்றுவிடுகிறது.

8

இங்கே, புதுக்கோட்டையில், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். மன்னரின் புது அரண்மனையாக இருந்த கட்டடத்துக்கு, கையில் மனுவோடு மக்கள் போகிறார்கள். குளத்து வரத்துவாரி, சாக்கடை, ஆக்கிரமிப்பு. மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில், கையால் வரைந்த தெருப்படம் எல்லாம் மஞ்சள் பையில் சேர்கின்றன. எழுதியவர் காலமானதும் அந்தப் பை பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

தன் ஊரை நடந்து பார்த்து எழுதிய மனிதரின் காகிதங்கள் அவை. திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் ஞானாலயா நூலகத்தைத் தங்கள் சம்பாத்தியத்தில் வளர்த்துக் காட்டிய மாவட்டம் இது. நூல்களுக்குச் செய்ததை மனுக்களுக்கும் செய்யலாம். ஊருக்கு ஒரு பீரோ, தெருவாரியாக ஒரு கட்டு, கட்டின் மேல் ஆண்டு. அடுத்து இந்த ஊருக்குத் திட்டம் போட வருகிறவர், முதலில் அந்தக் கட்டுகளைப் பிரித்துப் படித்துவிட்டுக் கோடு போடட்டும்.