உடலும் ஓர் அமானிதமே!

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



நம் பள்ளிவாசல்களில் சில ஆண்டுகளாக ஒரு மாற்றத்தைக் கண்டு வருகிறோம். முன்பெல்லாம் ஸஃப்பின் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ நாற்காலிகள் கிடக்கும். எழுபதைக் கடந்த பெரியவர்கள் அவற்றில் அமர்ந்து தொழுவார்கள். இப்போது எங்கள் வில்லாபுரத்திலும் சரி, மதுரையின் மற்ற மஹல்லாக்களிலும் சரி, அந்த நாற்காலிகள் பெருகிவிட்டன. அமர்ந்திருப்பவர்களில் நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். விசாரித்தால், "முட்டி மடங்க மாட்டேங்குது ஹஜ்ரத், டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்றார்" என்கிறார்கள்.

நிற்க முடியாதவர் அமர்ந்து தொழலாம், அதற்கும் இயலாதவர் சாய்ந்து படுத்துத் தொழலாம் என்பது நம் மார்க்கம் தந்த சலுகை. மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வாறு அருளியதாக புகாரி ஷரீபில் காண்கிறோம். ஆகவே இயலாமல் நாற்காலியில் அமர்ந்தவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அவருடைய தொழுகை தொழுகையே. ஆனால் உடல் நலத்தோடு இருப்பவர்கள் தம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அடியான் தன் ரப்புக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸுஜூதில் அல்லவா? நெற்றியைத் தரையில் வைக்கும் அந்தப் பாக்கியத்தை முதுமையோ விபத்தோ பறித்தால் அது விதி. நம் சோம்பலும் நம் தட்டும் சேர்ந்து பறித்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

அதே இம்ரான் (ரலி) அவர்கள் இன்னொரு ஹதீஸையும் அறிவிக்கிறார்கள். தம் தலைமுறையே மிகச் சிறந்தது, அடுத்து வருவோர், அதற்கடுத்து வருவோர் என்று சொல்லி வந்த நாயகம் (ஸல்) அவர்கள், பின்னர் ஒரு கூட்டம் தோன்றும் என்றார்கள். அவர்கள் அமானிதத்தில் மோசம் செய்வார்கள், நேர்ச்சையை நிறைவேற்ற மாட்டார்கள், அவர்களிடையே பருமன் வெளிப்படும் என்று எச்சரித்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அமானித மோசடியும் பருமனும் ஒரே இடத்தில் சொல்லப்பட்டிருப்பது சிந்திக்கத் தக்கது.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். பிறவி வாகினாலும் நோயினாலும் பருத்த உடல் உள்ளவர்களை இந்த ஹதீஸ் பழிக்கவில்லை. தேவைக்கு மேல் உண்டு, அதையே வாழ்க்கையாக்கிக் கொள்வதைத்தான் குறிக்கிறது என்று இமாம்கள் விளக்கியுள்ளார்கள். அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடலும் மெல்லிய நடையும் உடையவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவிலிருந்து கூட்டத்துக்கு முன்பே புறப்பட அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கனிவோடு அனுமதி தந்தார்கள். ஒருவருடைய உடலைக் கேலி செய்வது திருமறையின் 49-வது அத்தியாயம் தடுத்துள்ள பாவம். நம் பேச்சு பிறர் உடலைப் பற்றியதன்று. அவரவர் தம் உடலுக்குச் செய்ய வேண்டிய கடமையைப் பற்றியது.

நிலைமை எவ்வளவு தூரம் போயிருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் சுமார் 13 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வயது வந்தோரில் 100-க்கு 35 பேருக்கு இரத்த அழுத்தம்; 39 பேருக்கு வயிற்றுப் பருமன். நம் நாட்டவருக்கு இடுப்பளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும், பெண்களில் 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் ஆபத்து என்று மருத்துவர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். ஒரு தையற்கார டேப் இருந்தால் போதும், இன்றைக்கே அளந்து பார்த்துவிடலாம்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிள். கடையில் காலை முதல் இரவு வரை நாற்காலி. இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும், மேலே ஒரு ஜிகர்தண்டா. வாரத்துக்கு ஒரு வலீமா. 1953-ல் லண்டன் மருத்துவர் ஜெரமி மோரிஸ் ஓர் உண்மையை வெளியிட்டார். ஒரே பஸ்ஸில் வேலை செய்யும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாரடைப்பில் வித்தியாசம் இருந்தது. மாடிப் பஸ்ஸில் நாளெல்லாம் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களை அந்த நோய் அதிகம் தாக்கியது. நம்மில் பெரும்பாலோர் இப்போது டிரைவர் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம்.

இதற்கு எளிய மருந்து ஒன்று பலர் வீட்டு மாடிப்படியின் கீழ் தூசி படிந்து கிடக்கிறது. அதுதான் சைக்கிள்!

குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நீங்கள் ஏறிச் செல்லப் படைத்தோம் என்று கூறும் அல்லாஹுதஆலா, நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்று 16-வது அத்தியாயத்தில் அறிவிக்கிறான். அந்த அறியாதவற்றில் இந்த இரு சக்கரமும் அடங்கும். நம் முன்னோர் காலத்தில் மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்தார்கள். துணி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் விற்ற நம்மவர்கள் எத்தனை பேர்! மக்தபு முடித்து அடுத்த ஊருக்குப் பாடம் நடத்தச் சைக்கிளில் போன உஸ்தாதுமார்கள் எத்தனை பேர்! அவர்கள் உடற்பயிற்சி என்ற சொல்லைச் சொன்னதில்லை. பிழைப்பே பயிற்சியாக இருந்தது.

கணக்கும் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் மிதித்தால் சுமார் 200 கலோரி செலவாகும். வாரம் 5 நாள் என்றால் 1,000. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருப்பதால், சாப்பாட்டைக் கூட்டாமல் இருந்தால் ஒரு கிலோ குறைய 7, 8 வாரங்கள் ஆகும். ஒரு மாதத்தில் பத்து கிலோ என்று ஆசை காட்டுவோரை நம்ப வேண்டாம். மிதித்து முடித்து ஒரே ஒரு பரோட்டா சாப்பிட்டால் அன்றைய கூலி அங்கேயே போயிற்று என்பதையும் மறக்க வேண்டாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த அளவைப் பின்பற்றாமல், சைக்கிள் மட்டும் காப்பாற்றிவிடாது.

ஆனால் எடை குறையும் முன்பே பலன் தொடங்கிவிடுகிறது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. இரத்த அழுத்தம் மெல்ல இறங்குகிறது. சைக்கிளில் உடலின் பாரத்தைச் சீட் தாங்குவதால், முட்டிக்கு ஓடுவதைவிட நோவு குறைவு. எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மீதுள்ள அழுத்தம் நான்கு கிலோ அளவு குறைகிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஸுஜூதை இழந்துகொண்டிருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் ஊரைச் சுற்றிவிட்டு ஒரு வாரம் படுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சமானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழி இதற்கும் வழிகாட்டி. ஃபஜ்ரு தொழுது, ஓத வேண்டியதை ஓதி, பொழுது விடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நம் மதுரை வெயிலுக்குச் சித்திரை வைகாசியில் ஏழரை மணிக்கு மேல் தாங்காது. விமான நிலையச் சாலையில் லாரிகளோடு போட்டி போட வேண்டாம். தொடக்கத்தில் குடியிருப்புத் தெருக்களே போதும். பழகிய பிறகு வில்லாபுரத்திலிருந்து காஜிமார் பெரிய பள்ளிவாசல் வரை போய்வரலாம். போக வர ஆறேழு கிலோமீட்டர்தான். அங்கே இரண்டு ரக்அத் தொழுதால் பயணத்தின் நிய்யத்தும் அழகாகிவிடும்.

இங்கே ஒரு நுட்பம். பள்ளிக்கு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை என்று ஹதீஸ்களில் வந்திருப்பதால், பக்கத்துப் பள்ளிக்கு நடந்தே போங்கள். ஜும்ஆவுக்கு வாகனம் ஏறாமல் நடந்து செல்வதைச் சிறப்பித்தும் ஹதீஸ் உண்டு. தூரத்துக்குத்தான் சைக்கிள்.

சகோதரிகளே! உங்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ணிவிடாதீர்கள். வயிற்றுப் பருமன் பெண்களிடமே அதிகம் என்று அந்த ஆய்வே சொல்கிறது. "வீட்டு வேலை செய்கிறாளே, அது போதாதா?" என்று கேட்கும் ஆண்கள் உண்டு. மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்த பிறகு அந்த வேலையில் நிற்பதுதான் அதிகம், மூச்சு வாங்குவது குறைவு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். உடன் வந்தவர்களை முன்னே அனுப்பிவிட்டு ஓடினார்கள். மெலிந்திருந்த காலத்தில் அன்னை வென்றார்கள். பின்னொரு பயணத்தில், உடல் சதை போட்டிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் வென்று, சிரித்தபடி அன்றைய தோல்விக்கு இது ஈடு என்றார்கள். மனைவியின் உடல் நலத்தைக் குத்திப் பேசாமல் கூடவே ஓடிய கணவரை இங்கே காண்கிறோம். மேலும் ஒட்டகம் ஏறிய பெண்களில் சிறந்தவர்கள் குறைஷிப் பெண்கள், பிள்ளைகளிடம் பரிவும் கணவன் பொருளில் பொறுப்பும் உள்ளவர்கள் என்று புகழ்ந்தும் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் வாகனம் ஏறியது அங்கே குறையாகச் சொல்லப்படவில்லை.

நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். தொடக்கத்தில் கேலி பேசிய ஊர் பிறகு வாயை மூடிக்கொண்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் கண்டு எழுதி உலகறியச் செய்தார். ஹிஜாபு பேணி, அமைதியான நேரத்தில், மகளோடோ கணவனோடோ சென்றால் தடுக்க நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? வெளியே போக இயலாத வீட்டில், ஓரிடத்தில் நின்று மிதிக்கும் சைக்கிளை ஒரு மூலையில் வைக்கலாம். பெண் பிள்ளைக்கு நகை சேர்ப்பவர்கள் நலமும் சேர்க்கட்டும்.

சில எச்சரிக்கைகள். சர்க்கரைக்கும் இருதயத்துக்கும் மருந்து சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். இன்சுலின் போடுவோர் சட்டைப் பையில் இரண்டு பேரீச்சம்பழம் வைத்திருக்கட்டும். தலை சுற்றினால் உதவும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ தெரிந்தால் உடனே இறங்கிவிடுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும் உயரத்தில் சீட்டை வையுங்கள். தாழ்ந்த சீட்தான் முட்டி வலியைக் கொண்டுவரும். கைலியும் புர்காவும் செயினில் சிக்காதபடி செயின் கவர் போடுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பது நபிமொழி; பள்ளி வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டே உள்ளே வாருங்கள்!

எல்லாவற்றுக்கும் மேலாக நிய்யத்து வேண்டும். ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மிதித்தால் அது மட்டுமே கிடைக்கும். நின்று தொழவும், நோன்பு நோற்கவும், ஹஜ்ஜில் கஃபாவைச் சுற்றி வரவும், பிள்ளைகளுக்குப் பாரமாகாமல் வாழவும் வலிமை வேண்டும் என்று எண்ணி மிதித்தால், அந்த அரை மணி நேரமும் இபாதத்தில் எழுதப்படும் என்று நம்புகிறோம். உன் உடலுக்கும் உன் மீது உரிமை உண்டு என்பது நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. நாளை மறுமையில் அந்த உரிமை பற்றியும் கேட்கப்படுவோம்.

வல்ல ரஹ்மான் நமக்கு உடல் நலத்தையும், அதைப் பேணும் உணர்வையும், இறுதி மூச்சு வரை அவன் முன் நெற்றி வைத்து ஸுஜூது செய்யும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.