திரையிலிருந்து மேஜைக்கு

இணையப் போக்கரில் மணிக்கு அறுபது எழுபது கைகள் ஆடிப் பழகியவருக்கு, சீட்டைக் கலைப்பதும் பகிர்வதும் சில்லுகளை எண்ணுவதும் மனிதக் கரங்களாலேயே நிகழும் மேஜையில் ஏறக்குறைய முப்பதே கிட்டும். அந்த நிதானத்தைச் சகியாது, காத்திருந்த அலுப்பிலே, தள்ளிவிட வேண்டிய சீட்டையும் ஆடத் துணிவதே அவருக்கு நேரும் முதல் அபாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முகபாவத்தைக் குறித்த அச்சம் அத்தனை அவசியமன்று. டென்னசி மாநிலத்துக் கணக்கரான கிறிஸ் மணிமேக்கர், இணையத் தகுதிப் போட்டியின் வாயிலாக, 2003-இல் லாஸ் வேகாஸில் 839 பேர் கலந்துகொண்ட உலகப் போக்கர் தொடரின் பிரதானப் போட்டிக்கு வந்து, கறுப்புக் கண்ணாடியணிந்து அமர்ந்து, இறுதியில் ஒரு ஜோடியும் சேராத சீட்டுகளோடு சில்லுகள் அனைத்தையும் முன்னே தள்ளியபோது, மேலான கையை உடைய அனுபவசாலி சாமி ஃபார்ஹாவே சீட்டை விட்டுக்கொடுத்தார். 25 லட்சம் டாலர் பரிசும் மணிமேக்கர் வசமாயிற்று.

சிரத்தையோடு பயில வேண்டியவை வேறு: தம் முறை வரும்வரை மௌனம் காத்தலும், பணயத்தைச் சிறுகச் சிறுக நகர்த்தாமல் தொகையை உரக்கச் சொல்லி ஒரே தடவையில் வைத்தலும், இணையத்தில் இயந்திரமே காத்துத் தரும் நியமங்களாதலால், பலர் அறியாமலே மேஜைக்கு வந்துவிடுகின்றனர்.