அரிப்பும் எரிப்பும்

ஒன்று அழிந்துபோனால் நாம் உடனே கேட்பது, "யார் செய்தது?" என்றுதான். எமது வரலாறு எம்மை அப்படிக் கேட்கப் பழக்கியிருக்கிறது. 1981 இல் யாழ் நூலகம் தானாக எரியவில்லை, எரித்தார்கள். அங்கே அந்தக் கேள்வி நியாயமானது, இன்றும்தான். ஆனால் எல்லா அழிவுக்கும் அது பொருந்துமா?

நன்னீர் ஏரிகளில் வாழும் சிப்பியை எடுத்துக்கொள்வோம். அதன் ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. றெஸ்ரோறன்ற் குசினிகளில் கோப்பை கழுவும் எங்களுக்கு அது பழக்கமானது: மெசினில் வெள்ளையாய்ப் படிந்து, வினாகிரி ஊற்றக் கரையும் அதே சுண்ணாம்புதான். ஓட்டை மெல்லிய மண்ணிறத் தோலொன்று மூடியிருக்கும். அது உரஞ்சுப்பட்டுக் கிழிந்த இடத்தில் நீலப்பச்சை அல்காக்களும் பங்கசுக்களும் குடியேறுகின்றன. சில மேலேயே தங்கும். சில ஓட்டைத் துளைத்து உள்ளே நூல்போல ஓடும்.

இதிலே ஒரு புதிர் இருந்தது. ஒளித்தொகுப்புச் செய்யும் உயிர் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படியவைக்க வேண்டுமே தவிர, கரைக்கக் கூடாது. கடலில் வாழும் ஓரினத்தை வைத்துச் செய்து 2010 இல் வெளியான ஆய்வொன்று, அது துளையின் முனையில் கல்சியத்தை உள்ளெடுத்து, தன் உடலூடாகக் கடத்தி வெளியேற்றுவதைக் காட்டியது.

முதலில் அரிபடுவது பெரும்பாலும் ஓட்டின் உச்சி. சிப்பி விளிம்பில் வளர்வதால் உச்சிதான் அதன் மிகப் பழைய பகுதி, அதாவது அதன் குழந்தைப் பருவம். முதிர்ந்த சிப்பிகள் பலவற்றில் முதல் ஆண்டுகளின் வளையங்களை எண்ண முடியாது.

அல்காவுக்குச் சிப்பியோடு பகையில்லை. வாழ இடம் தேடியது, அவ்வளவுதான். சுவிஸ் - ஜேர்மன் எல்லையிலுள்ள கொன்ஸ்ரன்ஸ் ஏரியின் கீழ்ப்பகுதியில், நீலப்பச்சை அல்காக்கள் உடைந்த ஓடுகளின் மேல் படைபடையாய்ச் சுண்ணாம்பைக் கட்டியெழுப்பியிருக்கின்றன. அங்குள்ளவர்கள் அதை "ஷ்நெக்லி" மணல் என்பார்கள். நத்தை மணல் என்று பொருள்.

எமது பிள்ளைகள் தமிழில் கேட்டதற்கு ஜேர்மனில் பதில் சொல்கிறார்கள். யாரைக் கூண்டில் ஏற்றுவது? பள்ளிக்கூடத்தையா, கூட விளையாடும் பிள்ளையையா? எரித்தவனையும் அரிப்பதையும் ஒரே பெயரால் அழைத்தால் இரண்டு அநியாயம் நடக்கிறது. எரித்தவனின் குற்றம் சிறுத்துப்போகிறது. நாமோ நிரந்தரமாய்ப் பாதிக்கப்பட்டவர்களாகி, செய்யவேண்டியதிலிருந்து விடுதலை பெற்றுவிடுகிறோம்.

அல்காவுக்கு மனமில்லை, சமூகத்துக்கு மனமுண்டு என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். எமது மொழியை இளக்காரமாய்ப் பார்ப்பவன் பிழைதான் செய்கிறான்; அதைப் பிழையென்றே சொல்லவேண்டும். ஆனால் எமக்கு நடப்பதில் பெரும்பகுதி இளக்காரத்தால் நடப்பதல்ல. இரண்டு வேலை, பின்னிரவில் வீடு, தூங்கிவிட்ட பிள்ளை - இப்படித்தான் நடக்கிறது.

குற்றவாளி இல்லாத இடத்திலும் கடமை உண்டா? உண்டென்றே நாம் நினைக்கிறோம். சிப்பி தன் ஓட்டின் வெளிப்புறத்தைத் திருத்த முடியாது. ஓடு மெலியும்போது, உயிருள்ள சிப்பி உள்ளேயிருந்து முத்துப்போல் மினுங்கும் புதுப்படையைப் படியவைக்கிறது. செத்த ஓட்டுக்கு அது முடியாது. பெட்டிக்குள் எவ்வளவு பத்திரமாய் வைத்தாலும் அது ஓடுதான்.

உச்சியில் போன வளையங்கள் திரும்பி வரா. அதற்காகத் துக்கப்படுவது நியாயம். "யார் செய்தது?" என்று கேட்டு முடித்தபின், இன்று உள்ளே எதைப் படியவைத்தோம் என்றும் நாம் கேட்கிறோமா?