எஸ்றாவின் பட்டியலில் இல்லாதவர்கள்

எஸ்றாவின் புத்தகத்துக் கடைசி அதிகாரத்தில் மழை கொட்டுகிறது. ஒன்பதாம் மாதம், இருபதாம் தேதி. எருசலேம் ஆலயத்துக்கு முன்னால் இருந்த வெளியில் யூதாவின் ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மழையிலும் பயத்திலும் அவர்கள் நடுங்கினார்கள் என்கிறது வேதம். பாபிலோனிலிருந்து திரும்பி வந்த ஜனம் அது. அந்நியப் பெண்களைக் கலியாணம் செய்தவர்கள் அந்தப் பெண்களையும் அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று எஸ்றாவின் முன்னால் முடிவாகிறது. ஒரே நாளில் தீருகிற காரியம் இல்லை என்பதால் விசாரணைக்கு ஆட்களை வைக்கிறார்கள். விசாரணை மூன்று மாதம் நடக்கிறது. கடைசியில் ஒரு பட்டியல் வருகிறது. வம்சம் வம்சமாக நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்கள். அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அதில் இல்லை. இவர்களில் சிலருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்கிற குறிப்போடு புத்தகமே முடிந்துவிடுகிறது.

தென்மாவட்டச் சபை ஒன்றில் நான் போதகர். எங்கள் ஆலயத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிறவர்களில் பலர் அங்கிருந்து வருகிறவர்கள். அதனால் எஸ்றாவின் அந்த அதிகாரத்தைப் பழங்கதையாக என்னால் வாசிக்க முடிவதில்லை.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தகப்பன் மன்னார்க்காரர். 1990ல், பத்து வயதுப் பையனாக, தாயோடு படகேறி இராமேசுவரம் வந்தவர். மண்டபம் முகாமில் பதிவு, பிறகு இங்கே. முகாம் ஆண்கள் பலரையும் போல இவருக்கும் பெயிண்ட் வேலை. மனைவி எங்கள் ஊர்ப் பெண், இந்தியக் குடிமகள், என் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, நான்தான் கலியாணம் நடத்தி வைத்தேன். மகள் 2003ல் பிறந்தாள். மகன் 2006ல். இரண்டு பிரசவமும் ஒரே அரசு மருத்துவமனையில்தான்.

மகள் இந்தியக் குடிமகள். மகன் இல்லை.

இதில் கணக்குப் பிழை ஒன்றும் கிடையாது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். அந்த நாள் முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதன்பின் பிறந்தவருக்கு அது போதாது; பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் எல்லாரும் சட்டவிரோதக் குடியேறி. சுட்டு எரிக்கப்பட்ட ஊரிலிருந்து இரவில் படகேறிய பத்து வயதுப் பையனும் அதில் அடக்கம்.

அவர் என்னிடம் ஒருமுறை கேட்டார்: "ஐயா, நாங்கள் இறங்கின உடன என்ர பேரை எழுதினது உங்கட அரசாங்கம்தானே. அரிசி தந்தவை, காசு தந்தவை, மாசாமாசம் கையெழுத்து வாங்கினவை. கள்ளமா வந்தவனெண்டா ஏன் எழுதினவை?"

அரசை நான் குறைத்துப் பேச வரவில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு வந்து இறங்கியவர்களுக்குத் தமிழ்நாடு செய்தது பெரிது. இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். 2021ல் குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. 7,469 புது வீடுகள் அறிவிக்கப்பட்டன. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. வீடு தர முடிகிற அரசால் அந்த வீட்டில் பிறக்கிற பிள்ளைக்கு நாடு தர முடியாது.

பணக்கொடை என்பது கொடைதான். தருகிறவர் மனம் மாறினால் நின்றுவிடும். வேதத்தில் ரூத்தின் கதையை எல்லாரும் அன்பின் கதையாகச் சொல்லுவார்கள். எனக்கு அது முதலில் உரிமையின் கதை. புருஷனை இழந்த மோவாபியப் பெண், மாமியாரோடு பெத்லகேமுக்கு வருகிறாள். அறுப்புக் காலம். வயலில் சிந்தின கதிரைப் பொறுக்கப் போகிறாள். அது வயல்காரன் போவாசின் தயவால் மட்டும் கிடைத்ததில்லை. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடு, சிந்தினதைத் திரும்பப் பொறுக்காதே, அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியது என்று நியாயப்பிரமாணம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. போவாஸ் நல்லவன் என்பதால் அவளுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தாலும் அந்தக் கதிர் அவளுடையதுதான். பிறகு அவளைக் குடும்பத்துக்குள் சேர்க்கும் காரியமும் ஊர் வாசலில், பத்து மூப்பர்களை உட்கார வைத்து, சட்டப்படி நடக்கிறது.

மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமத்தில் ஒரு விதி இருக்கிறது. அதே வேதம், தாவீது ராஜாவின் பாட்டனைப் பெற்றவள் மோவாபியப் பெண் என்று சொல்லுகிறது. மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது அவள் பெயரை மறைக்கவில்லை. எஸ்றாவின் காலத்துக் கெடுபிடிக்குப் பதிலாகவே ரூத்தின் புத்தகம் எழுதப்பட்டது என்று கருதும் வேத அறிஞர்கள் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. காலம் எதுவானாலும் இரண்டு புத்தகமும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. எதன் வெளிச்சத்தில் எதை வாசிப்பது என்ற பொறுப்பை வேதம் நம்மிடம் விட்டிருக்கிறது. நான் ரூத்தை வைத்து எஸ்றாவை வாசிக்கிறேன். எஸ்றாவின் பயம் எனக்குப் புரிகிறது. சிறுத்துப்போன ஒரு ஜனம் தன் அடையாளம் கரைந்துவிடும் என்று பயந்தது. பயம் உண்மையானது என்பதால் அதற்குத் தாயையும் பிள்ளையையும் விலையாகக் கொடுப்பது நியாயமாகிவிடாது.

சட்டம் தெரிந்த என் சபையார் ஒருவர் என்னோடு நல்லபடியாக வாதம் செய்வார். அவர் சொல்லுவது: "சமத்துவம்னா ஒரே மாதிரி இருக்கிறவங்களை ஒரே மாதிரி நடத்துறது, ஐயா. குடிமகனும் அந்நியனும் ஒரே மாதிரி இல்லையே. எல்லை இல்லாம நாடு ஏது?" எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் உள்ளே வரலாம் என்று கேட்கிற அதிகாரம் ஒரு நாட்டுக்கு இருக்கத்தான் வேண்டும். 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், உலகத்து அகதிகள் அனைவருக்கும் இடம் கொடுக்க இந்தியா ஒரு தர்மசாலை அல்ல, இங்கேயே 140 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்ற பொருளில் சொன்னது. அந்த மனுதாரரின் மனைவியும் பிள்ளையும் இங்கே இருந்தார்கள். 140 கோடி என்கிற பாரத்தை நான் லேசாக எண்ணவில்லை.

ஆனால் நான் சொல்லும் பையன் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை. குடியுரிமைக்கு உலகம் வைத்திருக்கிற அளவுகோல் பெரும்பாலும் இரண்டுதான்: பிறந்த மண், பெற்றவரின் இரத்தம். இவன் இந்திய மண்ணில், இந்தியத் தாய்க்குப் பிறந்தான். இரண்டும் இருந்தும் அவன் வெளியே நிற்கிறான். அவனுடைய அக்காளுக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு? ஒரு தேதிதான். அந்தத் தேதிகூட இவர்களை நினைத்துப் போட்டதில்லை. 1985 அசாம் ஒப்பந்தத்துக்குப் பிறகு, கிழக்கு எல்லையைப் பற்றிய கவலையில் சட்டம் இறுகிக்கொண்டே வந்தது; அதன் நிழல் இங்கே இராமநாதபுரம் கரை வரை விழுந்தது. ஒரே மாதிரி இருக்கிறவர்களை ஒரே மாதிரி நடத்துவதுதான் சமத்துவம் என்று வைத்துக்கொண்டால், ஒரே தாயின் மடியில் வளர்ந்த இரண்டு பேரைவிட ஒரே மாதிரி இருக்கிறவர்கள் யார்?

மகள் நர்சிங் முடித்து, பாஸ்போர்ட் எடுத்து, குவைத்தில் வேலை பார்க்கிறாள். மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தான். நல்ல மதிப்பெண். ஒரு கம்பெனி தேர்ந்தெடுத்தது. பயிற்சிக்கு வெளிநாடு அனுப்புவோம், பாஸ்போர்ட் கொண்டு வா என்றது. ஆதார் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, பாஸ்போர்ட் வராது. இப்போது அப்பாவோடு பெயிண்ட் அடிக்கப் போகிறான். தகப்பன் குடிமகனாகிவிட்டால் ஏதாவது வழி பிறக்குமா என்று பார்த்தோம். இந்தியரை மணந்து ஏழு வருஷம் இங்கே வாழ்ந்தவர் பதிவுமூலம் குடியுரிமை கேட்கலாம் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறது. அங்கும் அதே தடை: சட்டவிரோதக் குடியேறி கேட்க முடியாது. நான் கர்த்தரின் நாமத்தில் ஒன்றாக்கி வைத்த கலியாணத்தைச் சட்டம் செல்லாது என்று சொல்லவில்லை. செல்லும், ஆனால் அதனால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிறது.

2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. முகாமில் அன்று சிலர் இனிப்பு கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். தண்டிக்க மாட்டோம் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் அந்த வரையறை அப்படியே இருக்கிறது.

2019 திருத்தம் அந்த வரையறையில் ஒரு கதவைத் திறந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர் என்றது. வரையறையை மாற்ற முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. கிறிஸ்தவர் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கண்டு என் சபையில் சிலர் ஆறுதலடைந்தார்கள். என்னால் முடியவில்லை. லாகூரிலிருந்து வந்த கிறிஸ்தவனுக்குத் திறந்த கதவு மன்னாரிலிருந்து வந்த கிறிஸ்தவனுக்குத் திறக்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது, பாகிஸ்தானில் அடிபடுகிற அகமதியாவுக்கும், மியான்மரிலிருந்து ஓடிவந்த ரோஹிங்கியாவுக்கும் அதில் இடமில்லை என்பது. எண்ணாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் மோசே சொல்லுவது, சபையாராகிய உங்களுக்கும் உங்களிடத்தில் தங்கும் பரதேசிக்கும் ஒரே நியமம், ஒரே பிரமாணம் என்பதே. பரதேசியின் தெய்வம் எது என்று அங்கே கேட்கப்படவில்லை. நம் அரசியல் சாசனத்தின் பதினான்காம் பிரிவும் சட்டத்தின் முன் சமத்துவத்தைக் குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதவில்லை; இந்த எல்லைக்குள் இருக்கிற எந்த மனிதருக்கும் என்று எழுதியிருக்கிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பத்தொன்பதாம் பிரிவில், தெளிவாக அப்படிச் சொல்லவும் அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பவுலை எருசலேமில் வாரினால் கட்டி, சவுக்கால் அடிக்கப் போகும்போது, தான் ரோமன் என்று சொல்கிறார். அடி நின்றுவிடுகிறது. சேனாபதி தான் மிகுந்த பணம் கொடுத்து அந்த உரிமையைச் சம்பாதித்ததாகச் சொல்ல, பவுல் தான் அதில் பிறந்தவன் என்கிறார். அதே நாளில் அதே கோட்டையில் ரோமனல்லாத ஒருவன் கட்டப்பட்டிருந்தால் அவன் முதுகு கிழிந்திருக்கும். முதுகு ஒன்றுதான். பிறப்பால் வந்ததை யாரும் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. நானும் அப்படித்தான் இந்தியன்.

சட்டம் சட்டம்தான், ஐயா, நாம என்ன செய்ய முடியும் என்பார்கள். அவர்களுக்கு நான் காட்டுகிற இடம் எண்ணாகமம் இருபத்தேழு. செலொப்பியாத்துக்கு மகன்கள் இல்லை, ஐந்து மகள்கள்தான். தகப்பன் செத்தபின் அந்த ஐந்து பேரும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, மகன் இல்லாததால் எங்கள் தகப்பன் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே அந்த நியாயத்தைக் கர்த்தரிடம் கொண்டு போகிறார். அவர்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது, விதி மாறுகிறது. கர்த்தர் கொடுத்த பிரமாணத்தையே ஐந்து பெண்கள் மனுக்கொடுத்துத் திருத்த முடிந்தது. எஸ்றாவின் பட்டியல் ஒரு பெண்ணையும் பெயர் சொல்லவில்லை. இங்கே மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பேரையும் வேதம் பெயர் சொல்லி எழுதுகிறது.

வருகிற திருமண்டலப் பெருமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வரப்போகிறேன். மத்திய அரசுக்கு இரண்டே கோரிக்கை. அரசாங்கமே பதிந்து, அரசாங்கமே அரிசி கொடுத்து வைத்திருக்கிறவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து எடுக்க வேண்டும். இந்தியத் தாய்க்கோ தகப்பனுக்கோ இங்கே பிறந்த பிள்ளை, எந்த வருஷம் பிறந்தாலும், குடிமகனாக வேண்டும். முன்வரைவைப் பார்த்த நண்பர்கள் ஒரு வரியை எடுத்துவிடச் சொல்கிறார்கள். கேளம்பாக்கத்தில் தங்கியிருக்கும் ரோஹிங்கியாக் குடும்பங்களைப் பற்றிய வரி அது. அது இருந்தால் தீர்மானம் தோற்றுப்போகும், நம்ம பிள்ளைகளுக்கும் கிடைக்காமல் போகும் என்பது அவர்கள் கவலை. பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். அந்த வரி தீர்மானத்தில் இருக்கும்.